கார்ட்ஸுக்கு என்னதான் ஆச்சு? கேளுங்க, தெரிஞ்சதச் சொல்றேன்

அமெரிக்காவுல கென்டக்கி மாநிலத்துல இருக்கற நம்ம லூயிவில் யுனிவர்சிட்டி பாஸ்கெட்பால் டீம் கார்டினல்ஸ், செல்லமா கார்ட்ஸ், அதப் பத்தி ஆளாளுக்கு கேள்வி அனுப்பியிருந்தீங்க, பாதி கேள்வி, பாதி திட்டு. புதுசா படிக்கிறவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். கோச் கென்னி பெய்ன மார்ச் 13 அன்னிக்கு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ரெண்டு சீசன்ல 12 ஜெயிச்சு 52 தோத்தாரு. மார்ச் 28 அன்னிக்கு சார்ல்ஸ்டன் காலேஜ்ல இருந்து பேட் கெல்சிய கூட்டிட்டு வந்திருக்காங்க. இப்ப 2024 ஏப்ரல் மொத வாரம், பழைய பசங்க ஒவ்வொருத்தரா வேற காலேஜுக்கு மாற டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்ல பேர் குடுத்துட்டு இருக்காங்க. இதான் நிலவரம். நான் கோச் எல்லாம் கிடையாது, வீக்எண்ட்ல இங்க சின்னப் பசங்க டீமுக்கு வாலண்டியரா பயிற்சி குடுக்கறேன், மேட்ச் முடிஞ்சதும் ரெக்கார்ட் பண்ணினத திரும்பப் போட்டுப் பாக்கற வியாதி இருக்கு, அவ்ளோதான்.

கேள்வி: அண்ணா, நான் இந்த ஊருக்கு வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆச்சு. ஒரு காலேஜ் டீம் தோத்ததுக்கு ஆபீஸே எழவு வீடு மாதிரி இருக்கே, அப்படி என்ன இருக்கு இதுல?

தம்பி, கென்டக்கில தொழில்முறை லீக்கான என்பிஏல ஆடற டீமே கிடையாது, இங்க காலேஜ் பாஸ்கெட்பால்தான் எல்லாமே. டென்னி க்ரம் கோச்சா இருந்தப்ப 1980லயும் 1986லயும் தேசிய சாம்பியன். 2013லயும் ஜெயிச்சாங்க, ஆனா ரூல மீறின ஒரு விவகாரத்துல அந்தப் பட்டத்த 2018ல பிடுங்கிட்டாங்க, கொடிய கூட கழட்டியாச்சு. டவுன்டவுன்ல ஆத்தோரமா இருக்கே கேஎஃப்சி யம் சென்டர், அதுல 22,090 சீட்டு. அதுல சத்தம் போட்டே எதிர் டீம பயமுறுத்தின ஊரு இது. போன ரெண்டு வருஷம் மேல் அடுக்குல நீங்க கால நீட்டிப் படுத்தே மேட்ச் பாத்திருக்கலாம். உங்க ஆபீஸ்ல யாராவது டீம் கலர் சிவப்புச் சட்டை போட்டுட்டு வந்தா இப்போதைக்கு பேச்சு குடுக்காதீங்க.

கேள்வி: ப்ரோ ஒரே ஒரு விஷயம். பசங்களுக்கு அக்கறையே இல்ல, ஃபோகஸ் இல்ல, ஜெர்ஸி போட்டா போதும்னு இருக்காங்க. இத ஒத்துக்கறீங்களா இல்லயா?

ஒத்துக்க மாட்டேன். இந்தக் கேள்விதான் பத்துல எட்டு பேர் கேட்டிருக்கீங்க, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுத்துக்கங்க.

ஃபோகஸ்ங்கறது மேட்ச் அன்னிக்கு மனசுல வரவழைக்கற சமாச்சாரம் இல்ல, ப்ராக்டிஸ்ல உடம்புல ஏத்தி வச்சிருக்கணும். எதிர் டீம் ஒரு பிக் அண்ட் ரோல் போடறான்னு வைங்க, அதாவது பெரிய ஆள் ஒருத்தன் வந்து நம்மாள குறுக்க மறிச்சு (அதான் ஸ்க்ரீன்) பால் வச்சிருக்கவனுக்கு வழி பண்ணிக் குடுக்கறது. பால் வச்சிருக்கவன கார்ட் பண்றவன் ஒருத்தன், ஸ்க்ரீன் போட வர்ற பெரிய ஆள கார்ட் பண்றவன் ஒருத்தன். இந்த ரெண்டு பேரும் அரை செகண்டுல முடிவு பண்ணணும், ஆள மாத்திக்கறதா, இல்ல பெரியவன் பின்னாடி போயி பாஸ்கெட்ட காக்கறதா. அத பின்னாடி நிக்கிற பெரியவன்தான் தொண்டை கிழிய கத்திச் சொல்லணும், ஏன்னா முன்னாடி நிக்கிறவனுக்கு ஸ்க்ரீன் வர்றதே தெரியாது. நம்ம டீம்ல என்ன நடந்துச்சு? ஒருத்தன் மாத்திக்கலாம்னு போறான், இன்னொருத்தன் பின்னாடி போறான், யாரும் வாயத் தொறக்கல. ஷூட்டர் தனியா நிக்கிறான், நிதானமா தூரத்துல இருந்து மூணு பாயிண்ட் ஷாட், அதான் த்ரீ, போட்டுட்டு போறான். கிரிக்கெட்ல கால் குடுக்காம ரெண்டு பேட்ஸ்மேனும் ஒரே பக்கம் ஓடி ரன் அவுட் ஆவாங்கல்ல, அதேதான். அந்த ரன் அவுட்ட பாத்துட்டு "அக்கறை இல்ல"ன்னா சொல்லுவோம்? பேசி வச்சுக்கலன்னுதானே சொல்லுவோம்.

த்ரீ விழுந்ததும் ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்து கைய விரிப்பாங்க. டிவில கேமரா அதத்தான் காட்டும், நம்மாளுக்கு அது திமிரா தெரியும். எனக்கு அதப் பாத்தா, கேள்வித்தாள் வெளி சிலபஸ்ல வந்துட்டா முழிக்கறாங்களே, அந்த முழிதான் ஞாபகம் வரும். எப்பவோ ஒரு தடவ ஆனா பசங்க தப்பு. நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் அதே தப்பு, அதுவும் ரெண்டு சீசன், ஆளுங்க மாறியும் அதே தப்புன்னா, சொல்லிக் குடுத்த இடத்துலதான் ஓட்டை.

கேள்வி: 2022ல மொத மூணு மேட்சும் ஒரே ஒரு பாயிண்ட்ல போச்சே, அது வெறும் துரதிர்ஷ்டம்தானே? அதுல ரெண்டு ஜெயிச்சிருந்தா கதையே வேற இல்லையா?

பெல்லர்மின் கிட்ட 67-66, ரைட் ஸ்டேட் கிட்ட 73-72, அப்பலேச்சியன் ஸ்டேட் கிட்ட 61-60. மூணும் நம்ம கோர்ட்ல. பெல்லர்மின் இதே ஊர்க்காரன், 2020 வரைக்கும் நமக்குக் கீழ் அடுக்கான டிவிஷன் ரெண்டுல ஆடிட்டு இருந்தவன். கடைசி பந்துல போச்சுங்கறது துரதிர்ஷ்டம்தான், நான் இல்லங்கல. ஆனா அந்த மாதிரி டீம் கிட்ட கடைசி பந்து வரைக்கும் ஏன் போச்சுங்கறதுதானே கேள்வி. அதுக்கும் முன்னாடி சீசன் தொடங்கறதுக்குள்ளயே, கணக்குல சேராத எக்ஸிபிஷன் மேட்ச்ல லெனுவா ரைன்னு ஒரு டிவிஷன் ரெண்டு காலேஜ் கிட்ட 57-47ன்னு தோத்தாங்க. வெறும் 47! அப்பவே வயித்துல புளியக் கரைச்சுது. அடுத்து ஹவாயில மாவி தீவுல டெக்ஸஸ் டெக் கிட்ட 70-38, இதுல எங்க இருந்து அதிர்ஷ்டம் பேச. ஒன்பது தோல்விக்கு அப்புறம் டிசம்பர் 14 அன்னிக்கு வெஸ்டர்ன் கென்டக்கிய அடிச்சாங்க, சீசன் முடிவுல 4-28, அதாவது 4 ஜெயிச்சு 28 தோல்வி.

அந்த வருஷம் எல் எல்லிஸ்னு ஒரு பையன், மேட்சுக்கு 17.7 பாயிண்ட் போட்டான். பாவம் அவன்தான் பால கொண்டு வரணும், அவன்தான் பாஸ் குடுக்கணும், அவன்தான் ஷூட் பண்ணணும், அடுத்த முனைல எதிராளியோட பெஸ்ட் கார்ட துரத்தவும் செய்யணும். பால கொண்டு வந்து ஆட்டத்த நடத்தற ஆள் (பாயிண்ட் கார்ட்) உருப்படியா இன்னொருத்தர் இல்லாம ஒரு பெரிய காலேஜ் சீசனுக்குள்ள போகுதுன்னா அது தயாரிப்பு இல்லாம என்ன? ப்ரிப்பரேஷன்னா ஜிம்ல ஓடறது மட்டும்னு நினைக்காதீங்க, அது ஏப்ரல் மே மாசம் ஆள் பிடிக்கறதுலயே ஆரம்பிச்சுடுது.

கேள்வி: அப்ப தினமும் ப்ராக்டிஸ்ல என்னதான் பண்றாங்க சார்? காலைல இருந்து ராத்திரி வரைக்கும் அதே வேலைதானே அவங்களுக்கு?

அதான் இல்ல. காலேஜ் விளையாட்ட நடத்தற அமைப்பு என்சிஏஏ, அவங்க ரூல் படி சீசன்ல வாரத்துக்கு 20 மணி நேரம்தான், ஒரு நாளைக்கு 4 மணிக்கு மேல கூடாது, வாரத்துல ஒரு நாள் கட்டாயம் லீவு. மேட்ச் நாளே 3 மணி நேரமா கணக்காயிடும். வாரத்துக்கு ரெண்டு மேட்ச்னா 14 மணி நேரம்தான் மிச்சம். அதுலயே வெயிட்ஸ், வீடியோ பாக்கறது, எதிர் டீம் செட் ப்ளே எல்லாத்தையும் நம்ம பெஞ்ச் பசங்கள வச்சு நடந்து காட்டி விளக்கற வாக்-த்ரூ, எல்லாம் அடங்கணும். அப்ப ஒவ்வொரு பத்து நிமிஷமும் என்ன பண்றோம்னு பேப்பர்ல எழுதி வச்சிருக்கணும். நல்ல கோச்சுங்க ப்ராக்டிஸ் பாத்தீங்கன்னா கடிகாரம் ஓடிட்டே இருக்கும், ஹாரன் அடிச்சா அடுத்த ட்ரில், நின்னு லெக்சர் அடிக்கவே மாட்டாங்க. நம்ம ப்ராக்டிஸ் உள்ள எப்படி நடந்துச்சுன்னு எனக்கு யாரும் வந்து காட்டல, ஆனா டைம் அவுட் முடிஞ்சு வந்த உடனே பால உள்ள போடத் தெரியாம ரெஃப்ரி 5 செகண்ட் எண்ணி முடிக்கற வரைக்கும் கைல வச்சுட்டு நிக்கிற டீம பாத்தா, அந்த 14 மணி நேரம் எங்க போச்சுன்னு கேக்கத் தோணுதா இல்லையா.

கேள்வி: பெய்ன் நம்ம ஆளுதானே? 86 சாம்பியன் டீம்ல ஆடினவரு. அவர இவ்ளோ திட்டறது நியாயமா?

மனுஷன் தங்கம்ங்க, அதுல மாத்துக் கருத்து இல்ல. ஃபர்ஸ்ட் இயர்லயே 1986 சாம்பியன் டீம்ல இருந்தவரு, நம்ம எதிரி கென்டக்கி யுனிவர்சிட்டில கோச் கலிபாரிக்கு கீழ பத்து வருஷம், அப்புறம் என்பிஏல நியூயார்க் நிக்ஸ் டீமுக்கு அசிஸ்டன்ட். உயரமான பசங்கள தட்டிக் கொட்டி என்பிஏக்கு அனுப்பறதுல கில்லாடின்னு பேரு. ஆனா அது ஒருத்தன தனியா உக்கார வச்சு மெருகேத்தற வேலை. ஹெட் கோச் வேலை வேற, பதிமூணு பேர ஒரே நேரத்துல ஒரே பாஷை பேச வைக்கணும், ரெண்டு நிமிஷம் இருக்கப்ப எந்த டைம் அவுட்ட எப்ப எடுக்கறதுன்னு தெரியணும். அவரு காலேஜ் லெவல்ல ஹெட் கோச்சா ஒரு மேட்ச் கூட நின்னதில்ல, இவ்ளோ பெரிய இடத்துலயா ஆரம்பிக்கறது? அவர அங்க உக்கார வச்சவங்களயும் சேத்துதான் கேக்கணும், அவங்கள மட்டும் யாரும் கேக்க மாட்டேங்கறீங்க.

கேள்வி: ஆனா எஃப்பிஐ கேஸ் தலைக்கு மேல தொங்கிட்டு இருந்துச்சே, நல்ல பசங்க எவன் வருவான்?

மொத வருஷத்துக்கு இத ஒத்துக்கலாம். டீமுக்கு ஆள் பிடிக்க பையன் குடும்பத்துக்கு காசு குடுக்க ஏற்பாடு நடந்துச்சுன்னு 2017ல கெளம்பின பூதம், தீர்ப்பு வந்தது 2022 நவம்பர்ல, அதுவும் 5,000 டாலர் ஃபைன், ரெண்டு வருஷ ப்ரொபேஷன், மார்ச்ல நடக்கற தேசிய என்சிஏஏ டோர்னமென்ட்ல ஆட தடை எதுவும் இல்ல. ஆக ரெண்டாவது வருஷத்துக்கு இந்த சாக்கு செல்லாது. ரெண்டாவது வருஷம் ஆளுங்க தேறின ஆளுங்கதான், நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல டெக்ஸஸ் கிட்ட 81-80ன்னு தோத்தது, மயாமிக்கே போயி 80-71ன்னு ஜெயிச்சது எல்லாம் இதே பசங்கதான். இதே பசங்கதான் சட்டனூகா கிட்டயும் அர்கன்சா ஸ்டேட் கிட்டயும் சொந்த ஊர்ல அடி வாங்கினாங்க. டிபால்னு ஒரு டீம், மொத்த சீசன்ல 3-29, அந்த மூணுல ஒண்ணு நம்ம தானம் பண்ணினது! ஆள் சரியில்லன்னா எல்லா மேட்சும் ஒரே மாதிரி மோசமா இருக்கணுமே. ஒரு நாள் புலி ஒரு நாள் எலின்னா, தயாரிப்புலதான் கோளாறு.

கேள்வி: லெக்சிங்டன்ல இருந்து எழுதறேன், கென்டக்கி யுனிவர்சிட்டி ஊரு. உங்களுக்கெல்லாம் எதுக்குங்க பாஸ்கெட்பால், பேசாம குதிரைப் பந்தயம் பாருங்களேன். டிசம்பர்ல நாங்க உங்கள 95-76ன்னு அடிச்சது ஞாபகம் இருக்கா?

இருக்கு சார். என்சிஏஏ டோர்னமென்ட்ல மொத ரவுண்டு, ஓக்லண்ட் 80, கென்டக்கி 76. அது உங்களுக்கு ஞாபகம் இருக்கா? இன்னும் ரெண்டு வாரம் கூட ஆகல.

கேள்வி: நம்மள கடைசியா அடிச்ச நார்த் கரோலைனா ஸ்டேட் ஃபைனல் ஃபோர், அதான் தேசிய அரையிறுதி, போயிட்டானே! அப்ப நாம அவ்ளோ மோசம் இல்லன்னு சொல்லலாமா?

நல்லா மனச தேத்திக்கறீங்க அக்கா. மார்ச் 12 அன்னிக்கு நம்ம லீக்கான ஏசிசியோட டோர்னமென்ட் மொத ரவுண்டுல 94-85ன்னு நம்மள அடிச்சாங்க, அடுத்த நாள் பெய்ன் போயாச்சு. அவங்க அதோட சேத்து அஞ்சு நாள்ல அஞ்சு மேட்ச் ஜெயிச்சு கப்ப தூக்கி, என்சிஏஏல ட்யூக்க தாண்டி, வர்ற சனிக்கிழமை பர்டியூ கூட ஆடப் போறாங்க. நீங்க பாக்க வேண்டியது வேற. அவங்களும் அந்த டோர்னமென்ட்டுக்கு முன்னாடி வரிசையா தோத்துட்டு இருந்தவங்கதான், மார்ச்ல திடீர்னு யாருக்கும் புது கை கால் முளைக்கல. டிஜே பர்ன்ஸ்னு அந்த குண்டுப் பையன் உள்ள பால வாங்கினா மத்த நாலு பேரும் எங்க நிக்கணும், எப்ப வெட்டி ஓடணும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாங்க. நம்ம பசங்க அன்னிக்கு 85 போட்டாங்க, பாயிண்ட் போடறதுல குறை இல்ல. 94 விட்டாங்களே, அங்கதான் நான் மேல சொன்ன கத்தாத கேஸ்.

கேள்வி: சமூக வலைத்தளத்துல பசங்கள அசிங்க அசிங்கமா திட்டறாங்க. இப்பதான் என்ஐஎல்னு தங்க பேரு, முகத்த விளம்பரத்துக்குக் குடுத்து காசு வாங்கறாங்களே, வாங்கட்டும்னு ஒரு கூட்டம். உங்க கருத்து?

ஸ்டாண்ட்ல உக்காந்து "டிஃபென்ஸ் ஆடுங்கடா"ன்னு கத்தறது டிக்கெட் எடுத்தவன் உரிமை. பத்தொன்பது வயசுப் பையன் இன்பாக்ஸ்ல போயி குடும்பத்த இழுக்கறது பொறுக்கித்தனம். காசு வாங்கினாலும் வாங்காட்டியும்.

கேள்வி: கெல்சி வந்தா மட்டும் மாறிடுமா? அந்த ஆளு ஏற்கனவே ஒரு காலேஜுக்கு வர்றேன்னு சொல்லிட்டு கடைசி நேரத்துல ஓடிப் போனவராமே?

ஆமா, 2017ல மாஸசூசெட்ஸ். அறிமுக ப்ரெஸ் மீட்டுக்கு கொஞ்ச நேரம் முன்னாடி வேணாம்னுட்டாரு. அத வச்சு இப்ப கிண்டல் பண்றது பழைய கதை, விடுங்க. சார்ல்ஸ்டன்ல 2022-23ல 31-4, இந்த சீசன் 27-8, ரெண்டு வருஷமும் என்சிஏஏ டோர்னமென்ட். எனக்குப் பிடிச்சது ரெக்கார்ட் இல்ல, அவரு ஆட வைக்கற விதம். நிறைய பேர ரொட்டேட் பண்ணுவாரு, வேகமா ஓட வைப்பாரு, கண்ண மூடிட்டு த்ரீ போட விடுவாரு, மிஸ் ஆகித் திரும்பற பாலுக்கு (ரீபவுண்ட்) மூணு பேரு பாய்வாங்க. ரெண்டு மேட்ச் பாத்தாலே இந்த டீம் என்ன பண்ண வருதுன்னு தெரிஞ்சுடும், நம்ம டீம 64 மேட்ச் பாத்தும் எனக்குத் தெரியல. பயம் ஒண்ணு இருக்கு, இந்த மார்ச்ல அலபாமா கிட்ட 109 விட்டாரு. டிஃபென்ஸ்ல நல்ல அசிஸ்டன்ட் ஒருத்தர் வேணும். மொத வருஷமே டோர்னமென்ட் போவாரான்னு கேட்டா, டீம்ல யார் இருக்கப் போறான்னே தெரியாதப்ப எப்படிங்க சொல்றது.

கேள்வி: அப்ப சீசன் டிக்கெட் எடுக்கலாமா வேணாமா? வீட்ல கேக்கறாங்க, பதில் சொல்லணும்.

அவசரப்படாதீங்க. அக்டோபர் கடைசில எக்ஸிபிஷன் மேட்ச் நடக்கும், டிக்கெட் சல்லிசாத்தான் இருக்கும், குடும்பத்தோட அதுக்குப் போங்க. போன ரெண்டு வருஷமும் நம்ம ஜாதகம் அங்கயே தெரிஞ்சுபோச்சு, மொத வருஷம் லெனுவா ரைன், ரெண்டாவது வருஷம் கென்டக்கி வெஸ்லியன் கிட்ட 71-68, அதுவும் டிவிஷன் ரெண்டுதான். ஸ்கோர் போர்ட பாக்காதீங்க, கீழ் அடுக்குல கோர்ட்டுக்குப் பக்கமா சீட் கெடச்சா உக்காந்து காத தீட்டி வச்சுக்கங்க. டிஃபென்ஸ்ல அஞ்சு பேரும் கத்திட்டே இருந்தாங்கன்னா மறுநாளே டிக்கெட் போட்டுடுங்க. ஷூ உரசற சத்தம் மட்டும் கேட்டுச்சுன்னா அந்தக் காச பசங்க ஸ்கூல் ஃபீஸுக்கு வைங்க.