குழி அளவு வேறு, லோடு அளவு வேறு

கேள்வி: பழைய ஜேசிபி வாங்கி ஓட்டுகிறேன். ஒரு கடைக்கு பேஸ்மென்ட் குழி, 40க்கு 30 அடி, ஆழம் 6 அடி. 72 யூனிட் என்று கணக்குப் போட்டு, மண்ணை வெளியே கொட்டுவதையும் சேர்த்து மொத்தமாகப் பேசினேன். டிப்பர்காரருக்குக் கொடுத்தபின் கையில் ஒன்றும் நிற்கவில்லை. எங்கே தப்பு?
– ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: தம்பி, யூனிட்டுக்கு 100 கன அடி, 72 சரிதான். ஆனால் அது பிளானில் இருக்கிற குழி. சுவர் கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்க, ஆள் நின்று வேலை செய்ய, சுற்றிலும் 2 அடி விட்டிருப்பீர்கள். 44க்கு 34 என்றாலே கிட்டத்தட்ட 90 யூனிட். அப்புறம், பூமிக்குள் இறுகிக் கிடந்த மண் பக்கெட்டில் வந்ததும் உப்பிவிடும். கால் பங்கு கூடும் என்று வைத்தால் 112 யூனிட். மூன்று யூனிட் டிப்பரில் 24 நடை என்று நினைத்தது 37, 38 ஆகியிருக்கும். டிப்பர்காரர் வாங்குவது நடைக்குக் காசு, உங்களுக்கு வந்தது குழிக்குக் காசு.

நம் பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகா கரிசல் என்றால் இன்னும் சிரமம். ஈரத்தில் பக்கெட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஆபரேட்டர் ஆட்டி ஆட்டித் தட்டுவார், டீசல் எரியும், பாதி மண் விழாது.

வேலந்தாவளம் பக்கம் நானும் இப்படி மாட்டினேன். மேல்மண்ணைப் பார்த்து மொத்தமாகப் பேசிவிட்டேன். நாலு அடிக்குக் கீழே பாறை. பாறை உடைக்கிற பிரேக்கருக்கு மூன்று நாள் வாடகை என் தலையில். "மொத்தமாத்தானே பேசினீங்க?" என்றார் இடத்துக்காரர். அவர் கேட்டது நியாயம்தான். அன்றிலிருந்து இரண்டு மூலையில் குழி போட்டுப் பார்க்காமல் நான் ரேட் சொல்வதில்லை. பாறை வந்தால் மணிக்கணக்கு, தண்ணீர் ஊறினால் மோட்டார் செலவு அவருடையது என்று எழுதியும் வாங்கிவிடுகிறேன்.

டிப்பர் எண்ணிக்கையையும் பாருங்கள். ஏற்றக் கால் மணி, கொட்டிவிட்டுத் திரும்ப முக்கால் மணி என்றால் நாலு டிப்பர் வேண்டும். இரண்டு விட்டால் பாதி நேரம் ஜேசிபி சும்மா நிற்கும், ஆபரேட்டர் சம்பளம் ஓடும். மண் சைட்டை விட்டு வெளியே போவதால் ஜியாலஜி துறை பாஸும் முன்னாலேயே கையில் இருக்கட்டும்.

இன்னொன்று. சுற்றி வெட்டிய அந்த 18 யூனிட் இடத்தைச் சுவர் எழும்பியதும் திரும்ப மூட வேண்டும். அதற்கான மண்ணையும் ஏற்றி அனுப்பிவிட்டீர்களா? அதுவும் உங்கள் பொறுப்பென்றால் இரட்டைச் செலவு. மூடுவதற்குள் கடைக்காரரைக் கூட்டிப்போய் டேப் பிடித்து அளந்து காட்டுங்கள். கூடுதலாக வெட்டியதற்கு ஏதாவது கேட்டுப் பார்க்கலாம்.