கொக்கு என்று மட்டும் எழுதினால் புள்ளி கிடைக்காது

கேள்வி: அக்கா, நாங்கள் பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறோம், படிவம் 4. கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவில் பறவை பார்க்கும் போட்டி ஒன்றுக்கு நானும் இரண்டு தோழிகளும் ஓர் அணியாகப் பெயர் கொடுத்துவிட்டோம். காகம், கொக்கு தவிர ஒன்றும் தெரியாது. மூன்று பேருக்கும் ஒரே தொலைநோக்கிதான். போய் மானம் போய்விடுமோ?
வாசகி, பெஸ்தாரி ஜெயா

பதில்: யார் சொன்னது ஒன்றும் தெரியாதென்று? செம்பனைக் காட்டில் எலி பிடிக்கப் பெட்டி வைத்து வளர்க்கிறார்களே அந்தக் கூகை, கால்வாய் ஓரம் வாலை ஆட்டிக்கொண்டு ஓடும் கானாங்கோழி, மாட்டின் பின்னாலேயே நடக்கும் உண்ணிக்கொக்கு, கம்பியில் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்தி, மேலே வட்டமடிக்கும் செம்பருந்து... இதெல்லாம் நீ தினமும் பார்ப்பதுதான் தங்கச்சி. பெயர்தான் தெரியவில்லை.

சிக்கலும் அங்கேதான். போட்டியில் பார்த்த பறவைகளின் பட்டியலில் வெறும் கொக்கு என்று எழுதினால் ஏற்க மாட்டார்கள், எந்தக் கொக்கு என்று சொல்ல வேண்டும். அலகு மஞ்சளாக, கழுத்து குட்டையாக இருந்தால் உண்ணிக்கொக்கு. அலகும் காலும் கருப்பாக இருந்து, பாதம் மட்டும் மஞ்சள் சப்பாத்து போட்டதுபோல் தெரிந்தால் சின்னக்கொக்கு. ஆனால் அது சேற்றுக்குள் நின்றுகொண்டு பாதத்தைக் காட்டவே காட்டாது, நடக்கட்டும் என்று காத்திருக்கத்தான் வேண்டும்.

அப்புறம் கடல். நாங்கள் முதல் தடவை போனபோது நீர் ஏறி இறங்கும் நேரத்தைப் பார்க்காமல் போய் ஏமாந்தோம். நீர் வற்றியிருந்த நேரம், பவளக்கால் உள்ளான் எல்லாம் சேற்றுவெளியில் எள் இறைத்ததுபோல் எங்கோ தூரத்தில் இரை தேடுகின்றன, இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றதுதான் மிச்சம். நீர் ஏறினால் சேறு மூழ்கிவிடும், நிற்க இடமில்லாமல் அவையே கரைப்பக்கம் ஒதுங்கும். நீர் ஏறும் நேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும், அதனால் போட்டி நாளுக்கான நேரத்தையே பார்த்து வை. வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகளை செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை பார்க்கலாம்.

தொலைநோக்கி ஒருத்தியிடம், நோட்டு ஒருத்தியிடம், மூன்றாவது ஆள் வெறும் கண்ணும் காதும். மாற்றி மாற்றிச் செய்யுங்கள். பல போட்டிகளில் அணியில் பாதிப் பேருக்கு மேல் பார்த்தால் அல்லது கேட்டால்தான் கணக்கு, எனவே முடிந்தால் இன்னொரு தொலைநோக்கி இரவல் வாங்கு. அதில் 8 (எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது), 42 (முன்கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில்) என்று எண் இருந்தால் போதும், பெரிதுபடுத்தும் அளவு கூடினால் கை நடுக்கமும் கூடித் தெரியும். "அதோ அங்கே" என்று கத்தாதே. "பட்ட மரம், பதினோரு மணிப் பக்கம், இரண்டாவது கிளை" என்று மெதுவாகச் சொல், நேர் எதிரே இருப்பதைப் பன்னிரண்டு மணி என்று வைத்துக்கொள். ஒருத்தி மட்டும் பார்த்ததை எழுதுவதா வேண்டாமா என்று எங்கள் அணியில் வேன் ஏறும்வரை சண்டை. அதைப் போகும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

கைத்தொலைபேசியில் பறவைக் குரலைப் போட்டு வரவழைக்க வேண்டாம், பாவம் அது. கொசு அதிகம், முழுக்கைச் சட்டை போடு, வெள்ளை வேண்டாம். நாசி லெமாக் கொண்டுபோனால் பையை இறுக மூடி வை, அங்கே குரங்குகள் உண்டு.