மைலேஜுக்காகக் காரை மாற்றலாமா? கணக்கை லிட்டரில் போடுங்கள்

கேள்வி: என்னிடம் இருப்பது எட்டு ஆண்டுகள் ஓடிய பெட்ரோல் கார், அதன் கடன் எப்போதோ தீர்ந்துவிட்டது. மாதம் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் ஓட்டுகிறேன், லிட்டருக்கு 12 கிலோமீட்டர்தான் கிடைக்கிறது. அதே வழியில் புதிய கார் ஓட்டும் நண்பருக்கு 18 கிடைக்கிறதாம். பழைய காரை விற்றுவிட்டுக் கடனில் புதியது வாங்குவதா, எரிபொருள் குழாயில் பொருத்தினால் 20 சதவீதம் மிச்சமாகும் என்று விற்கப்படும் காந்தக் கருவியை வாங்கிப் பார்ப்பதா, அல்லது ஓட்டும் முறையை மாற்றிக்கொண்டாலே போதுமா?

பதில்: கருவியை முதலிலேயே தள்ளிவிடலாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட கருவிகளைப் பரிசோதித்திருக்கிறது; அவற்றில் மிகச் சிலவற்றில்தான் ஏதோ சிறிதளவு பயன் தெரிந்தது. சும்மா ஒரு காந்தத்தை மாட்டி 20 சதவீதம் மிச்சம் பிடிக்க முடியுமானால், ஒவ்வொரு சதவீதத்துக்கும் போட்டி போடும் கார் நிறுவனங்கள் அதைத் தொழிற்சாலையிலேயே மாட்டி அனுப்பியிருக்கும்.

மற்ற இரண்டு வழிகளையும் ஒப்பிடும்போது, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை விட்டுவிட்டு மாதத்துக்கு எத்தனை லிட்டர் என்று பாருங்கள். இப்போது உங்களுக்கு மாதம் 100 லிட்டர் செலவாகிறது. 18 கிலோமீட்டர் தரும் காருக்கு 67 லிட்டர் போதும். மைலேஜ் ஒன்றரை மடங்காவதைக் கேட்டால் செலவே பாதியாகிவிடும் போலத் தோன்றும். உண்மையில் குறைவது மூன்றில் ஒரு பங்குதான். இந்த மயக்கம் இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். லிட்டருக்கு 20 தரும் காரை 22 தரும்படி செய்தால் 1,000 கிலோமீட்டருக்கு நாலரை லிட்டர் மிச்சம். 10 தரும் காரை 12 தரும்படி செய்தாலோ கிட்டத்தட்ட 17 லிட்டர் மிச்சம். குறைவாகத் தரும் காரில் செய்யும் சிறு திருத்தத்துக்குத்தான் பண மதிப்பு அதிகம் என்பதால், உங்கள் பழைய கார் இந்த முயற்சிக்கு ஏற்றதே.

தொடங்குவதற்கு முன் உங்கள் 12 என்ற எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பங்க்கில் குழாய் தானாக நிற்கும் வரை டேங்கை நிரப்பி, அதற்கு மேல் ஊற்றச் சொல்லாமல், ஓடிய கிலோமீட்டரை ரசீதின் பின்புறம் எழுதிவையுங்கள். அடுத்த முறை அதேபோல நிரப்பும்போது, இடையில் ஓடிய தூரத்தை அப்போது போட்ட லிட்டரால் வகுங்கள். ஒரு தடவைக் கணக்கு ஏற்ற இறக்கமாக இருக்கும், நான்கைந்து தடவையின் சராசரிதான் நம்பத்தக்கது.

இனி ஓட்டும் முறை. அமெரிக்க எரிசக்தித் துறையின் மதிப்பீட்டின்படி, விருட்டென்று வேகமெடுத்து அழுத்திப் பிரேக் பிடிக்கும் பழக்கம் நெடுஞ்சாலையில் 15 முதல் 30 சதவீதமும், நின்று நின்று நகரும் போக்குவரத்தில் 10 முதல் 40 சதவீதமும் மைலேஜைக் குறைக்கிறது. காரணம் எளிது: நீங்கள் காசு கொடுத்து வாங்கிய எரிபொருளால் வந்த வேகத்தைப் பிரேக் ஒவ்வொரு முறையும் வெறும் சூடாக மாற்றிக் காற்றில் விட்டுவிடுகிறது. இருநூறு மீட்டருக்கு முன்னால் சிகப்பு விளக்கு தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பலர் அங்கே போய்ச் சேரும் வரை ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டுக் கடைசியில் பிரேக்கில் ஏறி நிற்பார்கள். அதற்குப் பதிலாக, விளக்கைக் கண்டதுமே பின்னால் வருபவர்களையும் பார்த்துக்கொண்டு காலை எடுத்துவிட்டு, கார் கியரிலேயே ஓடட்டும் என்று விட்டுவிடுங்கள். எரிபொருளை அளந்து தெளிக்கும் இன்ஜெக்டர் உள்ள கார்களில் இந்த நிலையில் இன்ஜினுக்கு எரிபொருள் செல்வது அறவே நின்றுவிடும், சக்கரங்களே இன்ஜினைச் சுழற்றிக்கொண்டிருக்கும். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் மிச்சம் என்று சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. நியூட்ரலில் இன்ஜின் அணையாமல் இருக்கவே எரிபொருள் வேண்டும், கட்டுப்பாடும் குறைகிறது.

வேகம் அடுத்தது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், மணிக்கு 90 கிலோமீட்டரில் இருப்பதைவிட 110இல் அது ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. 40 கிலோமீட்டர் பயணத்தில் இதற்குக் கைம்மாறாகக் கிடைப்பது ஐந்து நிமிடம்தான். அந்த ஐந்து நிமிடம் உங்களுக்கு அவ்வளவு பெறுமானால் தாராளமாகச் செலவழியுங்கள், ஆனால் விலை தெரிந்து செலவழியுங்கள்.

யாருக்காவது காத்திருக்கும்போது இன்ஜினை ஓடவிடுவதும் பலர் கணக்கில் எடுக்காத செலவு. நடுத்தர அளவு இன்ஜின் நின்ற இடத்திலேயே மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் குடிக்கும், ஏசி ஓடினால் இன்னும் கூடும். தினம் 15 நிமிடம் வீதம் 25 நாள் காத்திருந்தால் மாதம் 6 லிட்டர். நிறுத்தியபடி பத்து விநாடிக்கு மேல் காத்திருக்க நேர்ந்தால் அணைத்துவிட்டு மறுபடி கிளப்புவதே சிக்கனம். ஓடும் சாலையின் நடுவே இதைச் செய்ய வேண்டாம். ஏசியைப் பொறுத்தவரை வியர்த்துக்கொண்டு ஓட்டச் சொல்ல மாட்டேன்: மெதுவான வேகத்தில் கண்ணாடியை இறக்கிக்கொள்ளலாம், நெடுஞ்சாலையில் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போடுவதே மேல். சில்லறை வேலைகளை ஒரே சுற்றில் முடித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் குளிர்ந்த இன்ஜின் முதல் சில கிலோமீட்டர்களுக்கு அதிகமாகக் குடிக்கும்.

காரில் செய்ய வேண்டியவை குறைவு. கூரையில் கேரியரோ பெட்டியோ இருந்தால், பயன்படாத நாளில் கழற்றி வையுங்கள்; பெரிய பெட்டி நெடுஞ்சாலையில் 6 முதல் 17 சதவீதம் வரை விழுங்கிவிடும். டிக்கியில் தேங்கிய 45 கிலோ சாமான் ஏறத்தாழ ஒரு சதவீதம். டயரின் காற்றழுத்தத்தை மாதம் ஒருமுறை, வண்டி ஓடிச் சூடாகும் முன், ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவின்படி சரிபாருங்கள். டயரின் பக்கவாட்டில் பொறித்திருப்பது உச்ச அளவு, அதைப் பின்பற்றக் கூடாது. நான்கு டயரிலும் ஐந்து பிஎஸ்ஐ குறைந்தால் நஷ்டம் ஒரு சதவீதம்தான், ஆனால் டயர் தேய்மானத்தையும் பாதுகாப்பையும் சேர்த்தால் இதை விடக் கூடாது. கையேட்டில் சொன்ன தரத்தில் இன்ஜின் ஆயில் ஊற்றினால் ஒன்றிரண்டு சதவீதம் கிடைக்கும். உங்கள் காரைப் போன்ற இன்ஜெக்டர் கார்களில் ஏர் ஃபில்டரை மாற்றினால் இழுவை கூடும், மைலேஜ் கூடாது. கையேடு கேட்காதபோது விலை உயர்ந்த பிரீமியம் பெட்ரோல் போடுவதும் வீண். ஆனால் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் உடனே காட்டுங்கள். புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சார் கெட்டுப்போவது போன்ற பழுது சரியானால் சில சமயம் 40 சதவீதம் வரைகூட மைலேஜ் திரும்பக் கிடைப்பதுண்டு.

இப்போது கடனுக்கு வருவோம். மேலே சொன்ன சதவீதங்களை அப்படியே கூட்டிவிட முடியாது. உங்களுக்கு மொத்தத்தில் 15 சதவீதம் முன்னேற்றம் என்று அடக்கமாகவே வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் மைலேஜ் 13.8 ஆகி, மாதம் 87 லிட்டர் போதும். புதிய காரால் கூடுதலாகக் கிடைக்கப்போவது அந்த 87க்கும் 67க்கும் இடைப்பட்ட 20 லிட்டர் மட்டுமே. பழைய காரை விற்ற பணம் போக மீதிக் கடனுக்கான மாதத் தவணையையும், புதிய காருக்குக் கூடும் காப்பீட்டையும் சேர்த்துப் பார்த்து, அந்தத் தொகை 20 லிட்டர் பெட்ரோலின் விலைக்குள் அடங்குகிறதா என்று சோதியுங்கள். பெரும்பாலும் பல மடங்கு அதிகமாகவே இருக்கும். முதல் சில ஆண்டுகளில் புதிய காரின் மதிப்பு வேகமாகச் சரிவதை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. ஆகவே மைலேஜை மட்டும் காரணமாக வைத்து இப்போது கடன் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

உங்கள் ஓட்டம் மூன்று மடங்கானால் அந்த 20 லிட்டர் 60 ஆகிவிடும், அப்போது கணக்கை மறுபடி போடலாம். பெரிய இன்ஜின் வேலை வந்து நின்றாலும் அப்படியே. எப்போது போட்டாலும், புதிய காருக்கு நிறுவனம் விளம்பரப்படுத்தும் மைலேஜை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், அது சோதனைக்கூடத்தில் எடுத்த எண். உங்கள் இப்போதைய காருக்கு நிறுவனம் சொன்ன எண்ணில் எத்தனை சதவீதம் உங்கள் ரசீதுகளில் தெரிகிறதோ, அதே சதவீதத்தைப் புதிய காரின் எண்ணுக்கும் போட்டுப் பாருங்கள்.