ரப்பர் கூரை ஒழுகுது, மேலயே இன்னொன்னு ஒட்டிரலாமா?

லண்டன் வீடுகளோட ரிப்பேர் சந்தேகங்களுக்கு, 22 வருஷமா அங்க கூரை வேலை பார்க்கற நம்ம ஆள் சொல்ற பதில்கள். இந்த மாசம் வந்ததுல முக்கால்வாசி பிளாட் ரூஃப், அதாவது தட்டையான கூரை பத்தித்தான்.

கேள்வி (ஈஸ்ட் ஹாம் வாசகி): வணக்கம் அண்ணா. எங்க வீட்டு பின்பக்கம் கிச்சன் எக்ஸ்டென்ஷன், 4 மீட்டருக்கு 5 மீட்டர். மேல கறுப்பு ரப்பர் ஷீட், 2004ல போட்டதுன்னு பழைய ஓனர் சொன்னார். போன குளிர்காலத்துலேருந்து அடுப்புக்கு மேல சீலிங்ல மஞ்சத் திட்டு, இப்ப சொட்டவே ஆரம்பிச்சிருச்சு. ஒரு ரூஃபர், இது மேலயே புது ரப்பர் ஒட்டிர்றேன், ஒரே நாள் வேலை, 1,400 பவுண்டுன்றார். இன்னொருத்தர் எல்லாத்தையும் பிரிச்சு பலகை, இன்சுலேஷன் எல்லாம் புதுசா போடணும், 4,100 ஆகும்னார். ரெண்டாவது ஆள் எங்களுக்கு மொட்டை அடிக்கிறாரா?

பதில்: மொட்டைன்னு சொல்ல மாட்டேன்மா, ரெண்டு பேரும் ரெண்டு வேற வேலைக்கு விலை சொல்லிருக்காங்க, அவ்ளோதான். காச எடுத்து குடுக்கறதுக்கு முன்னாடி கிச்சன் காலண்டர்ல சொட்டுற நாள்ல எல்லாம் ஒரு புள்ளி வைங்க, அன்னைக்கு மழையா, இல்ல மழையே இல்லாம உறைபனியான்னு பக்கத்துலயே எழுதிருங்க. மழை பிடிச்சு கொஞ்ச நேரத்துல சொட்டுச்சுன்னா அது ஒழுகல். மழையே இல்லாம, ஜனவரி காலைல கார் கண்ணாடியெல்லாம் வெள்ளையா உறைஞ்சு கிடக்கறப்ப சொட்டுச்சுன்னா அது உங்க இட்லிப் பானை ஆவி, சீலிங் சந்து வழியா மேல போய் ஜில்லுன்னு இருக்கற பலகைல பட்டு தண்ணியாகி திரும்ப உங்க தலைலயே விழுது. அதுக்கு எத்தனை ரப்பர் ஒட்டினாலும் நிக்காது. 'குளிர்காலத்துலேருந்து', 'அடுப்புக்கு மேல'ன்னு நீங்க எழுதினத பார்த்ததும் எனக்கு இந்த சந்தேகம்தான் முதல்ல வந்துச்சு.

அந்த ரப்பருக்கு ஈ.பி.டி.எம்.னு பேரு, கார் கதவ சுத்தி கறுப்பா ஒரு பீடிங் இருக்குல்ல, அதே குடும்பம். வீட்டுக்கு போடறது ஒண்ணேகால் மில்லிமீட்டர் சொச்சம்தான் தடிமன் இருக்கும், ஆனா லேசுல சாகாது. இருபது வருஷம் வெயில் மழைல கிடந்த ஷீட்ட ஈரத்துணியால துடைச்சு பார்த்திருக்கேன், கறுகறுன்னு இருக்கும், இழுத்தா இழுபடும். உங்க 20 சதுர மீட்டர ஒரே துண்டுலயே மூடிரலாம், நடுவுல ஒட்டே வராது. அதனால ஒழுகல்னு ஒண்ணு இருந்தா பெரும்பாலும் ஓரத்துலதான் இருக்கும்: சுவத்துல ஷீட் ஏறுற இடம், மூலை, தண்ணி இறங்கற வாய், ஸ்கைலைட் சுத்தி. சுவரோரம் ஷீட் 150 மில்லிமீட்டராவது ஏறி நிக்கணும், அதுக்கு மேல செங்கல் சந்துல சொருகின ஈயத்தகடு குடை மாதிரி இறங்கணும். அந்த ஈயத்த ஒன்றரை மீட்டருக்கு மேல ஒரே துண்டா போட்டாங்கன்னா வெயில்ல விரிஞ்சு குளிர்ல சுருங்கி ஒருநாள் கிழிஞ்சுரும், சந்துல பூசின சிமெண்ட் கலவையும் கையோட வந்துரும். ஓரம் மட்டும்தான் பிரச்சனை, அடில பலகை காய்ஞ்சு கெட்டியா இருக்குன்னா நீங்க 1,400 கூட குடுக்க வேணாம், ஓரத்த மட்டும் சரி பண்ணிட்டு போயிரலாம்.

ஆனா அடில என்ன இருக்குன்னு பார்க்காம யாரும் எதுவும் சொல்ல முடியாதும்மா, முதல் ஆள் மேல எனக்கு இருக்கற ஒரே குறை அதுதான். நம்ம ஊர் மொட்டை மாடி கான்கிரீட், பத்து வருஷம் ஓதம் வாங்கினாலும் பூச்சு உதிரும், கம்பி துருப்பிடிக்கும், சீக்கிரத்துல உள்ள விழுந்துறாது. இங்க மரச்சட்டம், அதுக்கு மேல பலகை, அதுக்கு மேல ஷீட். பழைய எக்ஸ்டென்ஷன் நிறையதுல அந்த பலகை வெறும் சிப்போர்டு, மரத்தூள பசை போட்டு அமுக்கின பலகை. வால்தம்ஸ்டோல ஒரு வீட்ல ஷீட்ட உரிச்சப்ப டீல முக்கி மறந்துட்ட ரஸ்க் மாதிரி கையோட வழிச்சு எடுத்தேன், கொஞ்சமும் மிகைப்படுத்தல, கரண்டி இருந்தா கரண்டியாலயே அள்ளியிருக்கலாம். ஷீட் என்னவோ நல்லாத்தான் இருந்துச்சு!

நானும் ஒரு காலத்துல மேல ஒட்டினவன்தான். 2009ல ஒரு வீட்ல வீட்டுக்காரர் கெஞ்சினார்னு பழைய ஷீட் மேலயே புதுசு போட்டேன், ரெண்டு குளிர்காலம் கழிச்சு அதே கூரைல இலை தள்ள ஏறினப்ப கால் முட்டி வரைக்கும் உள்ள போயிருச்சு. இன்னொண்ணு, நடுப்பகுதிக்கு போடற பசை தண்ணில கலந்த பசை, மரம் அந்த ஈரத்த உறிஞ்சினாத்தான் அது காயும், பழைய ரப்பர் உறிஞ்சாது, அதனால ரெண்டு ஷீட்டுக்கும் நடுவுல பசை பச்சையாவே கிடந்து காத்தடிக்கறப்ப மேல் ஷீட் பூரி மாதிரி உப்பி எழும்பும். முதல் ஆள்ட்ட எந்தப் பசைன்னு மட்டும் கேட்டுப் பாருங்க, பதில்லயே ஆள் தெரிஞ்சுருவார்.

சரி, பிரிக்கறதுன்னு முடிவு பண்ணா முழுசா பண்ணுங்க. உங்களது அநேகமா கோல்டு ரூஃப், அதாவது இன்சுலேஷன் பஞ்சு மரச்சட்டத்துக்கு நடுவுல இருக்கும், பலகை வெளிக் குளிர்ல இருக்கும். அதுல பஞ்சுக்கு மேல 50 மில்லிமீட்டர் சந்து விட்டு ரெண்டு பக்கமும் காத்து ஓட வழி வச்சிருக்கணும், பாதி வீட்ல வைக்கறதே இல்ல, வச்ச வீட்லயும் யாராவது குளிருதுன்னு அடைச்சு வச்சிருப்பாங்க. பிரிக்கறப்ப அத வார்ம் ரூஃபா மாத்திருங்க, அதுல பலகைக்கு மேல ஆவி தடுக்கற ஒரு ஷீட், அது மேல 120லேருந்து 150 மில்லிமீட்டர் பி.ஐ.ஆர். போர்டு (கெட்டியான நுரை இன்சுலேஷன்), அதுக்கு மேல ரப்பர். பலகை வீட்டுச் சூட்லயே இருக்கறதால ஆவி போய் தண்ணியாக இடமே கிடையாது. சட்டத்துக்கு நடுவுல இருக்கற பழைய பஞ்ச எடுத்துரணும், காத்து ஓட்டைய அடைச்சுரணும், இல்லன்னா புது போர்டுக்கு அடில குளிர்காத்து ஓடிட்டே இருக்கும், காசு போட்டது வீண்.

ஆனா கூரை ஒரு ஜாண் கிட்ட உசருமே, மாடி பெட்ரூம் ஜன்னல் அடிக்கட்டைக்கும் கூரைக்கும் நடுவுல இப்ப எவ்ளோ இடம் இருக்குன்னு டேப் வச்சு அளந்து பாருங்க. போர்டு தடிமன், அது மேல சுவரோரம் ஷீட் ஏறுற அந்த 150 மில்லிமீட்டர், ரெண்டும் அங்க அடங்கணும். சில வீட்ல அடங்காது, அதுக்கு வேற வழி பார்க்கணும், அத வேலை ஆரம்பிச்ச ரெண்டாம் நாள்ல கண்டுபிடிச்சா நல்லாருக்காது. சரிவும் அப்பவே சரி பண்ணிரலாம், பிளாட் ரூஃப்னு பேர்தான், தண்ணி ஓடணும்ல. 40க்கு 1ன்னு திட்டம் போட்டாத்தான் கட்டி முடிக்கறப்ப 80க்கு 1 ஆவது நிக்கும், உங்க 4 மீட்டருக்கு அது திட்டத்துல 10 சென்டிமீட்டர் இறக்கம், கட்டி முடிச்சப்புறம் 5.

இங்கிலாந்துல கூரையோட பாதிக்கு மேல மாத்தினா பில்டிங் ரெகுலேஷன் வரும், இன்சுலேஷனையும் இப்ப அந்த ரூல் கேக்கற அளவுக்கு ஏத்தணும். கவுன்சில் பில்டிங் கன்ட்ரோல்ல நீங்களே சொல்லலாம், இல்ல தன் வேலைய தானே சர்டிஃபை பண்ண விடற 'காம்பிடென்ட் பெர்சன்' திட்டத்துல பதிஞ்ச ரூஃபரா இருந்தா அவரே சர்டிஃபிகேட் வாங்கித் தருவார். அந்தப் பேப்பர பத்திரமா வைங்க, வீட்ட விக்கறப்ப வாங்கறவங்க சொலிசிட்டர் முதல் வாரத்துலயே அதத்தான் கேப்பார். ரெண்டாவது ஆள்ட்ட அந்த 4,100ல இது சேர்ந்திருக்கா, வாட் வரி சேர்ந்திருக்கா, பலகை 18 மில்லிமீட்டர் ஓ.எஸ்.பி. 3 (ஈரம் ஓரளவு தாங்கற மரச்சில்லுப் பலகை) தானா, உள்ள சட்டம் உளுத்திருந்தா மீட்டருக்கு எவ்ளோன்னு எழுத்துல வாங்குங்க. கடைசியா சொன்னது முக்கியம், பிரிச்சுப் போட்ட கூரைக்கு அடில நின்னுட்டு பேரம் பேச முடியாது.

வேலை நடக்கற அன்னைக்கு ஷீட்ட விரிச்சதும் உடனே பசை தடவ ஆரம்பிச்சா நிறுத்தச் சொல்லுங்க. சுருட்டி வச்ச ஷீட் அரை மணி நேரமாவது சும்மா விரிஞ்சு கிடக்கணும், மடிப்பெல்லாம் தானா இறங்கும். அவங்க டீ குடிக்கட்டும்.

கேள்வி (ஹாரோ வாசகர்): எங்கட குசினியில பொரிக்கிற புகை போற குழாய் கூரைக்கு மேலால வருது. குழாயைச் சுத்தி ரப்பர் ஊதிப் பொங்கி மெதுமெது எண்டு நிக்குது. போட்டு அஞ்சு வருசம்தான். வந்த ரூஃபர் கறுப்புத் தார் பூசினவர், இப்ப இன்னும் மோசம். முழுக்கூரையும் மாத்தோணுமோ?

பதில்: முழுசா வேணாங்க. நீங்க தாச்சியில பொரிக்கிற எண்ணெய் ஆவியோட போய் குழாய் வாய்ல வழிஞ்சு ஷீட்ல தேங்குது, ஈ.பி.டி.எம்.முக்கு மழை, வெயில், உறைபனி எதுவும் ஆகாதுன்னு இல்ல, எல்லாம் தாங்கும், எண்ணெய் கொழுப்பு மட்டும் ஆகாது, உறிஞ்சி ஊதிரும். தாரும் பெட்ரோலியக் குடும்பம்தானே, அதையும் அது மேல பூசினா காயத்துல மிளகாய்ப்பொடி போட்ட கதை. ஊதின பாகத்த விட்டு நல்ல ரப்பர் வர்ற இடம் வரைக்கும் வெட்டி எடுத்து, அடிப்பலகை காய்ஞ்சிருக்கான்னு பார்த்து, பிரைமர் போட்டு, அதே ரப்பர்ல புது துண்டு ஒட்டணும், குழாய்க்கு அதுக்குன்னு வர்ற ரப்பர் காலர் போடணும். அதோட குழாய பக்கச் சுவர் வழியா வெளிய திருப்பிருங்க, இல்லன்னா இன்னொரு அஞ்சு வருஷத்துல எனக்கு இதே லெட்டர் எழுதுவீங்க. அதுவரைக்கும் புகைக்கூண்டு ஃபில்டர மாசம் ஒருதடவை வெந்நீர் சோப்புல ஊற வைங்க.

கேள்வி (குரோய்டன் வாசகர்): மேல் மாடி ஃபிளாட் என்னுது, லீஸ்ஹோல்டு. கூரை ஒழுகுதுன்னு சொன்னதுக்கு மேனேஜ்மென்ட் ஆள்ங்க மொத்தமா மாத்தறோம், உங்க பங்கு 2,600 பவுண்டுன்னு நேரா பில் அனுப்பிருக்காங்க. கட்டணுமா?

பதில்: முதல்ல லீஸ எடுத்து கூரை யார் பொறுப்புன்னு படிங்க, பெரும்பாலும் ஃப்ரீஹோல்டர், அதாவது கட்டடத்தோட சொந்தக்காரர் செய்யணும், செலவு எல்லார் தலைலயும் பிரியும். ஆனா ஒரு ஆளோட பங்கு 250 பவுண்ட தாண்டினா 1985 லேண்ட்லார்டு அண்ட் டெனன்ட் சட்டத்தோட செக்‌ஷன் 20 படி முன்கூட்டியே நோட்டீஸ் குடுக்கணும், உங்க கருத்து கேக்க 30 நாள் விடணும், கொட்டேஷன் வாங்கி காட்டணும், அப்புறம் இன்னொரு 30 நாள். அது நடக்கலன்னா, ட்ரிப்யூனல்ல போய் விலக்கு வாங்காத வரைக்கும் உங்கட்ட 250க்கு மேல வசூலிக்க முடியாது. நோட்டீஸ் எப்ப அனுப்பினீங்கன்னு எழுத்துல கேளுங்க, ஃபோன்ல பேசாதீங்க.

கேள்வி (ஈஸ்ட் ஹாம், அதே வாசகி, பின்குறிப்பா எழுதினது): ஜூன்ல திருச்சிலேருந்து அம்மா வர்றாங்க. கறுப்பு ரப்பர் நல்லா சுடுது, அது மேல வடகம் போட்டா ஒரே நாள்ல காயும்னு ஃபோன்லயே கணக்கு போட்டுட்டாங்க. விடலாமா?

பதில்: காயும்தான், அம்மா கணக்கு தப்பில்ல, வெயில் நாள்ல அதுல வெறுங்கால் வைக்க முடியாது. ஆனா கூரையோட மரச்சட்டம் பனிக்கும், இலை தள்ள ஏறுற ஒரு ஆளுக்கும் போட்டது, ஆள் நடமாட்டத்துக்கு இல்ல, கைப்பிடிச் சுவரும் கிடையாது. கைப்பிடி வச்சு மாடியா மாத்தணும்னா பிளானிங் பெர்மிஷன் கேக்கணும், பக்கத்து வீட்டு கார்டன எட்டிப் பார்க்கற மாதிரி இருந்தா லேசுல குடுக்கவும் மாட்டாங்க. அம்மாவ ஜன்னல் வழியா மட்டும் இறங்க விட்றாதீங்க. கார்டன்ல வெயில் விழற மூலைல துணி காயப்போடற ஸ்டாண்ட படுக்க வச்சு வேட்டிய விரிச்சு போடுங்க, ரெண்டு மூணு நாள் ஆகும், சாயங்காலம் உள்ள எடுத்துரணும், லண்டன் அணிலுக்கு ஜவ்வரிசி வடகம் ரொம்பப் பிடிக்கும், இது எங்க வீட்ல நடந்தது.