நடுக்கதிரை உங்களுக்கு இல்லை, தம்பி

புதுக்குடியிருப்பில் உங்கள் பள்ளிக்கூடம் இலங்கைப் பாராளுமன்றத்தின் மேற்சபையாக இருந்த அந்தக்காலச் செனட் சபையை நடித்துக் காட்டப்போகிறது, உங்களுக்கு அரசாங்கத் தரப்புச் சபை முதல்வர் வேடம், நடுக்கதிரையில் இருப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லைத் தம்பி, அது செனட் தலைவருடையது. உங்களுக்கு அரசாங்கப் பக்கத்து முன்வரிசை.

கீழ்ச்சபையான பிரதிநிதிகள் சபை நிறைவேற்றி அனுப்பிய சட்டமூலத்தை இங்கே விளக்கிக் கரைசேர்ப்பதுதான் முக்கிய வேலை. அப்புறம், பெரும்பாலான அமைச்சர்கள் கீழ்ச்சபையில் இருப்பார்கள். அவர்களுக்கு விழுகிற கேள்வியும் உங்கள் தலையில்தான். இரணைமடுக் குளத்துக் கமக்காரர் கூட்டத்துக்குப் பொறியியலாளர் வராத நாளில், ‘தண்ணி எப்ப திறப்பியள்?’ என்று ஆளாளுக்குக் கேட்க, கோப்பைப் புரட்டிக்கொண்டு நிற்பாரே ஒரு அலுவலர், அந்த நிலைமை. மேடையிலும் கையில் ஒரு கோப்பு இருக்கட்டும்.

செனட்டில் மொத்தம் 30 பேர்: 15 பேரைக் கீழ்ச்சபை தெரிவுசெய்யும், 15 பேரை முடியின் பிரதிநிதியான மகாதேசாதிபதி நியமிப்பார். நிதிச் சட்டமூலத்தை ஒரு மாதத்துக்கு மேல் மறிக்க முடியாது. ஆகவே எதிர்த்தரப்பு ‘வரவுசெலவுத் திட்டத்தைக் கவிழ்ப்போம்’ என்று கத்துகிற வசனம் இருந்தால் வெட்டச் சொல்லுங்கள்.

எந்த ஆண்டுக் கதை என்று நீங்கள் எழுதவில்லை. 1971 ஒக்டோபரில் சபையே ஒழிந்துவிட்டது, அதற்கு முந்தியதாக இருக்கட்டும். 1961, 62 என்றால் பிரதமர் சிறிமாவோவே செனட்டர். முன்வரிசையில் அவருக்கும் ஒரு கதிரை போடுங்கள்.