அழும்போது பெரிதாகும் கழுத்து வீக்கம்

கேள்வி: என் நான்கு வயது மகனுக்கு இடப்பக்கக் கழுத்தில் வலியில்லாத, மெத்தென்ற வீக்கம் சில மாதங்களாக இருக்கிறது. அழுதாலும் இருமினாலும் பெரிதாகிறது. நெறி கட்டியிருக்கிறது என்று மாமியார் பற்றுப் போடுகிறார். ஊசி குத்தி நீரை எடுத்துவிட்டால் போதும் என்கிறார்கள் சிலர். என்ன செய்யலாம்?
– வாசகி, தங்கச்சிமடம்

பதில்: யார் சொன்னாலும், ஸ்கேன் எடுத்துப் பார்க்கும் முன் அந்த வீக்கத்தில் ஊசி குத்த விடாதீர்கள். அழும்போது கழுத்தில் புடைப்பது விரிந்த ரத்தக்குழாயாகவும் இருக்கக்கூடும். அதில் குத்தினால் ரத்தம் கசியும். நீர்க்கட்டியாகவே இருந்தாலும், குத்தியதால் கிருமி புகுந்துவிட்டால் பின்னர் செய்யும் அறுவை சிகிச்சை கடினமாகிவிடும். பற்றும் இனி வேண்டாம். தோல் புண்ணானால் மருத்துவரின் பரிசோதனையே குழம்பும்.

குழந்தைகளின் கழுத்துக் கட்டியை, அது இருக்கும் இடத்தை வைத்தே மருத்துவர்கள் முதலில் கணிக்கிறார்கள். நடுக்கழுத்தில் இருந்து, நாக்கை நீட்டும்போது மேலேறினால் அது பெரும்பாலும் தைராய்டு இறங்கிவந்த பாதையில் உண்டான கட்டி. பக்கவாட்டில் இருந்தால் நிணநீர்க் குழாய்க் கட்டியையும், கருவின் கழுத்தில் தோன்றி, பிறக்கும் முன்பே மூடியிருக்க வேண்டிய செவுள் பிளவின் எச்சத்தையும் நினைப்பார்கள். காய்ச்சல், எடைக்குறைவு, ஒன்றோடொன்று ஒட்டிய நெறிகள் இருந்தால் காசநோய்க்கும் சோதிப்பார்கள்.

உங்கள் மகனின் அறிகுறிகளைப் படித்தபோது எனக்கு இன்னொன்றும் தோன்றியது. நோய் எதிர்ப்புச் செல்கள் பக்குவப்படும் தைமஸ் சுரப்பி கருவில் கழுத்திலிருந்து மார்புக்கு இறங்கும்போது வழியில் தங்கிவிட்ட எச்சம், அரிதாக நீர்க்கட்டியாக வளரும்; அது இடப்பக்கத்தில்தான் அதிகம் காணப்படுகிறது, சிலருக்கு மார்புவரை நீண்டிருப்பதால் அழும்போது பெரிதாகிறது. இதுதான் என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது. ஸ்கேனில்கூட இது நிணநீர்க் கட்டியைப் போலவே தெரியக்கூடும் என்பதால், அகற்றிய திசுவை நுண்ணோக்கியில் பார்த்த பிறகே பல நேரங்களில் உறுதியாகிறது. அறுவை சிகிச்சை நடந்தால் அந்தத் திசுப் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளருடன் கூடிய அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். அதில் கதிர்வீச்சு இல்லை, மயக்க மருந்தும் தேவையில்லை. கட்டி மார்புக்குள் இறங்கியிருப்பதாகத் தெரிந்தால் எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம், அப்போது மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் பரிந்துரை கேளுங்கள். வீக்கம் அழும்போது எப்படி மாறுகிறது என்பதைக் கைப்பேசியில் படம் பிடித்துச் செல்வது மிகவும் உதவும், ஏனெனில் மருத்துவர் முன்னால் குழந்தை அமைதியாக இருந்துவிடலாம். மூச்சுத் திணறல், விழுங்க முடியாமை, திடீரெனச் சிவந்து வீங்குதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் சற்றும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.