ரயிலில் இறங்கி மலையில் நடக்க: ஹோப் பள்ளத்தாக்கு பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: மான்செஸ்டரில் மகள் வீட்டில் கோடை முடியும்வரை தங்கியிருக்கிறோம். மகளுக்கும் மருமகனுக்கும் விடுப்பு கிடைப்பது அரிது; எங்களுக்கோ அந்நாட்டில் கார் ஓட்டிப் பழக்கமில்லை. பீக் டிஸ்ட்ரிக்ட் மலைகளுக்கு நடுவே ஈடேல் என்ற சிற்றூர்வரை ரயில் போகிறது என்கிறார்கள். காலையில் போய் மாலையில் திரும்பும்படியாக ஒரு நடையைச் சொல்ல முடியுமா?
(ஒரு தம்பதியர், கோவை)

பதில்: கார் இல்லாததை இங்கே குறையாக எண்ண வேண்டாம். காரில் வருகிறவர் எவ்வளவு அழகான பாதையில் நடந்தாலும் காரை நிறுத்திய இடத்துக்கே திரும்பியாக வேண்டும். ரயிலில் வருகிறவரோ ஒரு நிலையத்தில் இறங்கி, மலையைக் கடந்து, வேறொரு நிலையத்தில் ரயிலேறிக்கொள்ளலாம். மான்செஸ்டர் பிக்காடில்லியிலிருந்து ஷெஃபீல்டு செல்லும் பாசஞ்சர் ரயில், சின்லியைத் தாண்டிக் கௌபர்ன் சுரங்கத்தைக் கடந்து வெளியே வந்ததும் ஈடேலில் நிற்கும். அதன்பின் ஹோப், பாம்ஃபோர்ட், ஹாதர்சேஜ், கிரிண்டில்ஃபோர்ட் என்று சிறு நிலையங்கள் வரிசையாக வருகின்றன. 1894-இல் திறக்கப்பட்ட இந்தப் பாதையில் எந்த இரண்டு நிலையங்களை எடுத்துக்கொண்டாலும் அவற்றுக்கிடையே ஒரு நாள் நடை இருக்கிறது. விரைவு ரயில்கள் பெரும்பாலும் இந்த நிலையங்களில் நிற்பதில்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஈடேலில் இறங்குகிறவர்களில் பலர் வடக்கே கிண்டர் ஸ்கௌட் மேட்டை நோக்கித்தான் நடப்பார்கள். முதல்முறை செல்பவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். நீங்கள் தெற்கே செல்லுங்கள். நோ என்ற சிற்றாற்றைக் கடந்து, மேய்ச்சல் நிலங்களின் ஊடாக ஏறினால் ஹாலின்ஸ் கிராஸ் என்ற மலைக் கணவாய் வரும். ஈடேலில் 1633-இல் சிற்றாலயம் கட்டப்படும்வரை, இறந்தவர்களின் உடலை இந்தக் கணவாய் வழியாகச் சுமந்துபோய்த்தான் அடுத்த பள்ளத்தாக்கிலுள்ள காசில்டனில் அடக்கம் செய்தார்கள். அங்கிருந்து மேற்கே, கல் பாவிய முகட்டுப் பாதையில் சற்றுத் தூரம் நடந்தால் 517 மீட்டர் உயரமுள்ள மாம் டார் உச்சியை அடையலாம். பழங்காலத்து மலைக்கோட்டையின் மண் அரண்களை இன்றும் அதன்மேல் காணலாம். களிப்பாறையும் மணற்பாறையும் அடுக்கடுக்காக அமைந்த இந்த மலையின் கிழக்குச் சரிவு இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது. அதன் அடியில் சென்ற நெடுஞ்சாலையை மீண்டும் மீண்டும் செப்பனிட்டுப் பார்த்துவிட்டு, 1979-இல் அதைக் கைவிட்டுவிட்டார்கள். பாளம் பாளமாக உடைந்து கிடக்கும் அந்தத் தார்ச்சாலையை இன்றும் நடந்துபோய்ப் பார்க்கலாம்.

மாம் டாரிலிருந்து வந்த வழியே ஹாலின்ஸ் கிராஸுக்குத் திரும்பி, முகட்டை விட்டு இறங்காமல் கிழக்கே நடந்தால் பேக் டாரும், 476 மீட்டர் உயரமுள்ள லோஸ் ஹில்லும் வரும். இடப்புறம் ஈடேல், வலப்புறம் காசில்டன் என இரு பள்ளத்தாக்குகளும் வழி முழுவதும் கண்ணில் படும். லோஸ் ஹில்லிலிருந்து இறங்கினால் ஹோப். அவ்வூரின் ரயில் நிலையம் ஊருக்குச் சற்றுக் கிழக்கே தள்ளி இருப்பதால், அதற்கென்று கால் மணி நேரத்தைத் தனியாக ஒதுக்குங்கள்.

மொத்தத் தூரம் ஏறக்குறைய 11 கிலோமீட்டர். ஏற்றம் சுமார் 400 மீட்டர். நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-இல் வகுத்த கணக்கு ஒன்று உண்டு: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதற்குமேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அதன்படி இந்த நடைக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்று குறைவாகவே ஆகும். அது நின்று பார்க்காமலும் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்காமலும் நடக்கிறவருக்கான கணக்கு என்பதால், நீங்கள் ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொண்டு, ஹோப்பிலிருந்து எந்த ரயிலைப் பிடிப்பது, அது தவறினால் அடுத்தது எப்போது என்பதைக் காலையிலேயே குறித்துக்கொண்டு புறப்படுங்கள்.

கேள்வி: இந்தப் பாதைகள் தனியார் வயல்களுக்கும் பண்ணைகளுக்கும் நடுவே போகின்றனவாமே! உரிமையாளர் தடுத்தால் என்ன செய்வது?
(ஒரு வாசகி, லெஸ்டர்)

பதில்: தடுக்க அவருக்கு உரிமை இல்லை. நம் ஊர் வருவாய்த் துறை வரைபடங்களில் வண்டிப்பாதை குறிக்கப்பட்டிருப்பதைப் போல, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுவழிகள் அரசு வரைபடங்களில் பதிவாகியுள்ளன. நிலம் யாருடையதாக இருந்தாலும் அந்த வழியில் நடக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. கம்பங்களில் மஞ்சள் அம்புக்குறி இருந்தால் அது நடப்பவர்களுக்கு மட்டுமான பாதை. நீல அம்புக்குறி இருந்தால் குதிரையும் சைக்கிளும் கூட வரும். பண்ணைக் கதவுகளை எப்படிக் கண்டீர்களோ அப்படியே விட்டுச் செல்வது மரியாதை. கன்றோடு நிற்கும் பசுக்களின் நடுவே புகாமல் விலகிச் செல்லுங்கள். நாய் உடன் வந்தால் இது இன்னும் முக்கியம்.

பாதையை விட்டு விலகி மேட்டுநிலத்தில் விருப்பம்போல் நடக்கும் உரிமை மட்டும் எளிதில் கிடைத்துவிடவில்லை. க்ரௌஸ் என்ற காட்டுப்பறவையை வேட்டையாடுவதற்காகச் செல்வந்தர்கள் கிண்டர் மேட்டைப் பூட்டி வைத்திருந்த காலத்தில், 1932 ஏப்ரல் 24 அன்று, மான்செஸ்டர் பகுதித் தொழிலாளர்களும் வேலையில்லா இளைஞர்களுமாகச் சில நூறு பேர் ஹேஃபீல்டு என்ற ஊரிலிருந்து தடையை மீறி அதன்மேல் ஏறினார்கள். ஈடேல் பக்கமிருந்தும் ஒரு குழு ஏறிவந்து அவர்களோடு சேர்ந்துகொண்டது. முன்னின்று நடத்திய பென்னி ராத்மனுக்கு அப்போது வயது 20. ரயில் நிலையத்தில் தடையாணையோடு காத்திருந்தவர்களுக்குப் போக்குக்காட்டிவிட்டு அவர் சைக்கிளில் ஹேஃபீல்டு போய்ச் சேர்ந்தார். காவலாளிகளோடு கைகலப்பு நடந்தது; ஐந்து பேருக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை கிடைத்தது. ஏறியதைவிட அந்தத் தண்டனைதான் மக்களைக் கொதிக்க வைத்தது. 1951-இல் பீக் டிஸ்ட்ரிக்ட் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா ஆயிற்று. மேட்டுநிலங்களில் தடையின்றி நடக்கும் உரிமை 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது. அவர்கள் புறப்பட்ட ஹேஃபீல்டுக்கு இன்று ரயில் இல்லை, 1970-இல் அந்தக் கிளைப் பாதையை மூடிவிட்டார்கள்.

கேள்வி: எனக்கு முழங்கால் வலி உண்டு. ஏற்றம் இல்லாத வழி ஏதும் இருக்கிறதா?
(ஒரு வாசகர், திருச்சி)

பதில்: கிரிண்டில்ஃபோர்டில் இறங்கி, டெர்வெண்ட் ஆற்றின் கரையோடு ஹாதர்சேஜ்வரை நடந்து ரயிலேறுங்கள். ஐந்தாறு கிலோமீட்டர்தான், பெரும்பாலும் சமதளம். மழை பெய்த மறுநாள் சேறாக இருக்கும் என்பதால் பிடிப்புள்ள காலணியும் கைத்தடியும் வேண்டும். கிரிண்டில்ஃபோர்டில் பழைய நிலையக் கட்டடத்திலேயே சிற்றுண்டிக் கடை இருக்கிறது. அங்கே தேநீர் குடித்துக்கொண்டே, ஏறக்குறைய 5.7 கிலோமீட்டர் நீளமுள்ள டாட்லி சுரங்கத்திலிருந்து ரயில் வெளிவருவதை வேடிக்கை பார்க்கலாம்.

கேள்வி: கல்லூரி நண்பர்கள் நால்வர் கிண்டர் ஸ்கௌட் ஏற நினைக்கிறோம். கைபேசியில் வரைபடம் இருந்தால் போதாதா?
(ஒரு மாணவர், ஷெஃபீல்டு)

பதில்: போதாது. கிண்டர் 636 மீட்டர்தான். நீலகிரியையும் கொடைக்கானலையும் பார்த்தவர்களுக்கு இந்த எண் ஏமாற்றிவிடும். உச்சி என்று சொல்ல ஒரு முனை இல்லாமல், கருஞ்சேறும் ஓடைப் பள்ளங்களுமாகப் பரந்து கிடக்கும் தட்டையான மேடு அது. மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் எல்லாத் திசையும் ஒன்றுபோலவே தோன்றும். பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஓஎல் 1 என்ற காகித வரைபடத்தையும் திசைகாட்டியையும் எடுத்துச் சென்று, மேட்டின் நடுவே குறுக்கு வழி தேடாமல் விளிம்புப் பாதையிலேயே நடங்கள். 1965-இல் திறக்கப்பட்டு, ஈடேலில் தொடங்கி 431 கிலோமீட்டர் வடக்கே ஓடும் பென்னைன் வே நெடும்பாதையில் மேற்காகச் சென்று, ஜேக்கப்ஸ் லேடர் என்ற கற்படிகளில் ஏறி, தெற்கு விளிம்பு வழியாகச் சுற்றி ஈடேலுக்கே இறங்குவது நல்ல வழி. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும் என்பதால் தலைவிளக்கு அவசியம். விபத்து நேர்ந்தால் 999-ஐ அழைத்து, காவல்துறையைக் கேட்டு, பிறகு மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்லுங்கள். தொடர்பு கிடைக்காவிட்டால் நிமிடத்துக்கு ஆறு முறை விசில் ஊதுவதே அங்கு உதவிக்கான சைகை.

கேள்வி: ஒரு நிலையத்தில் இறங்கி வேறொன்றில் ஏறினால் இரண்டு தனிச் சீட்டுகள் எடுக்க வேண்டுமா?
(ஒரு வாசகி, மான்செஸ்டர்)

பதில்: வேண்டியதில்லை. இரண்டில் தொலைவான நிலையத்துக்குப் போய்வரும் சீட்டாக எடுங்கள். மான்செஸ்டரிலிருந்து செல்பவர் ஹோப்புக்கு எடுத்துவிட்டு, போகும்போது முன்னதாகவே ஈடேலில் இறங்கிக்கொள்ளலாம். குறிப்பிட்ட ரயிலுக்கென்று முன்பதிவு செய்யும் சலுகைச் சீட்டில் இது செல்லாது. மற்றவற்றில் பெரும்பாலும் செல்லும், ஆனாலும் வாங்கும்போதே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அறுபது வயது நிறைந்தவர்கள் மூத்தோர் ரயில்கார்டு வாங்கினால் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாளப் பராமரிப்புக்காக ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவதும் உண்டு என்பதால், முதல் நாள் இரவே அட்டவணையைப் பார்த்துவிடுங்கள்.